உப்பு விளையும் காற்று

ஒரு கன மீட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 27 கிலோ சோடியம் குளோரைடு கரைந்திருக்கிறது. அதில் முக்கால் பங்கைத்தான் பாத்தியில் பிடிக்க முடியும். மிச்சம் கசப்பு நீரோடு வெளியேறிவிடும். ஆகவே ஒரு டன் உப்பு எடுக்க 50 கன மீட்டர், அதாவது 50,000 லிட்டர் கடல் நீர் வேண்டும். அத்தனை நீரையும் விறகோ நிலக்கரியோ வைத்துக் காய்ச்சினால் கிலோ உப்பின் விலை ஏழை வீட்டுக்கு எட்டாது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் வெயிலும் காற்றும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. உப்பளத்தின் உலை வானம்தான். அதனால் பருவம் பிசகும்போது வேறெந்தத் தொழிலையும்விட நேரடியாக அடி வாங்குவது இந்தத் தொழில்.

குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. வடக்கே வேம்பாரும் வைப்பாறும் தொடங்கி, வேப்பலோடை, தருவைக்குளம், முள்ளக்காடு, பழையகாயல் வழியாக ஆறுமுகநேரி, காயல்பட்டினம் வரை கடலோரம் முழுக்க வெள்ளையும் சாம்பலுமாக அளங்கள் கிடக்கின்றன. இடம் தற்செயலாக அமைந்ததல்ல. மேற்கு மலைத் தொடரின் மழை மறைவில் இருக்கும் மாவட்டம் இது. ஆண்டு மழை சராசரியாக 650 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்து முடிந்துவிடும். களிமண் கலந்த தட்டை நிலம், பக்கத்திலேயே கடல், நிலத்துக்கடியில் உப்புநீர், ஒன்பது மாதம் வறண்ட வானம். இந்த நான்கும் ஒரே இடத்தில் கூடுவது அரிது.

வேலையின் ஒழுங்கு இது. கடலிலிருந்தோ கிணற்றிலிருந்தோ ஏற்றிய நீர் முதலில் தெப்பங்கள் எனப்படும் பெரிய தேக்கங்களில் நிற்கும். அங்கே அது 3 டிகிரி. டிகிரி என்பது பாமே அளவு. நீரில் எவ்வளவு உப்பு கனத்திருக்கிறது என்பதை ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டுப் பார்த்துச் சொல்வது. ஒரு தெப்பத்திலிருந்து அடுத்ததற்கு நீர் மெல்ல இறங்க இறங்க டிகிரி ஏறும். முதலில் சுண்ணாம்பு படியும். 15 டிகிரியை ஒட்டி ஜிப்சம் ஊசி ஊசியாகப் படியத் தொடங்கும். 25 டிகிரியைத் தாண்டும்போது, ஏற்றிய நீரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அப்போதுதான் அதைப் பாத்திக்குத் திறப்பார்கள். உப்பு இறங்குவது அங்கேதான். 29, 30 டிகிரிக்கு மேல் நீரை வைத்திருந்தால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும். ஆகவே அந்த நீரை நஞ்சோடை வழியே வெளியேற்றிவிட்டுப் புது நீர் விட வேண்டும். உப்பெடுப்பவரின் திறமை முழுவதும் இந்த 25-க்கும் 30-க்கும் இடையிலான சிறிய இடைவெளியில்தான் இருக்கிறது.

ஹைட்ரோமீட்டர் இல்லாமலே இதை அறிந்தவர்கள் அளத்தில் உண்டு. நீரின் நிறமே அவர்களுக்குச் சொல்லிவிடும். முற்றிய உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செந்நிறமாக்குகின்றன. சிவந்த நீர் வெயிலை அதிகம் உள்வாங்கிச் சீக்கிரம் சூடாகும். சூடானால் வேகமாக ஆவியாகும். குறைந்த டிகிரித் தெப்பங்களின் அடியில் வளரும் பாசிப் படலம் மண்ணின் துளைகளை அடைத்து நீர் கசியாமல் காக்கிறது. இந்த உயிர்கள் எல்லாம் தமக்குரிய டிகிரியில்தான் வாழும். ஒரு பெருமழை நீரை நீர்த்துப்போகச் செய்தால் அவையும் மாயும். மறுபடி நிறம் திரும்ப வாரங்கள் ஆகும். உப்பளம் ஒரு தொழிற்கூடம் என்று எழுதப்பட்டாலும், அங்கே உப்பு விளைவது ஓர் உயிர்ச்சூழலில்தான் என்பதை அரசுக் கோப்புகள் கவனிப்பதில்லை.

ஜனவரியில் மழைநீரை வடித்து, வந்து படிந்த சேற்றை அள்ளி, வரப்பு கட்டி, பாத்தியின் தரையை மிதித்து இறுக்குவதில் ஆண்டு தொடங்கும். நீர் ஏற்றித் தெப்பங்கள் முற்றி முதல் உப்பு இறங்க ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். மார்ச் முதல் வாருவது சூடுபிடிக்கும். ஏப்ரல், மே வெயில் நன்றாக விளையும் காலம் என்று வெளியார் நினைப்பார்கள். அளத்துக்காரர்கள் காத்திருப்பது ஜூன், ஜூலை, ஆகஸ்டுக்கு. தென்மேற்குப் பருவம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரம் இழந்த காற்றை மலைக் கணவாய்களின் வழியே இந்தப் பக்கம் அனுப்பும். அந்த மேல்காற்று பகலெல்லாம் பாத்தி மேல் வீசும்போது நீர் கண் முன்னே சுண்டும். கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்றோ கடலின் ஈரத்தைச் சுமந்து வரும். அது வீசும் நாளில் வெயில் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் உப்பு சோம்பிப்போகும்.

புவி சூடாவதால் உப்பளத்துக்கு லாபம் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. வெயில் கூடினால் உப்பு கூடும் என்று கேட்கும்போது அது நியாயமாகவே தோன்றும். அது தவறு என்பதற்குக் காரணம் உப்புநீரின் இயல்பிலேயே இருக்கிறது. நல்ல தண்ணீர், காற்றில் ஈரப்பதம் 100 விழுக்காடு ஆகும்வரை ஆவியாகிக்கொண்டே இருக்கும். உப்பு இறங்கும் நிலையிலுள்ள நீர் அப்படியல்ல. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டியதும் அது ஆவியாவதை நிறுத்திவிடும். அதற்கு மேல் ஈரம் கூடினால் எதிர்த்திசையில், காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கும். மக்னீசியம் சேர்ந்த 29 டிகிரி நீருக்கு அந்த எல்லை இன்னும் தாழ்வானது. கடலோரத்தில் இரவு ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது சாதாரணம். ஆகவே முற்றிய பாத்தி இரவில் உழைப்பதில்லை. விடிந்து காற்று உலர்ந்த பிறகு, நண்பகலை நடுவில் வைத்துச் சில மணி நேரம் உழைக்கிறது. உப்பு விளைச்சல் அந்தச் சில மணி நேரங்களின் கூட்டுத்தொகை.

காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் அது கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். வெப்ப மண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது என்று ஒன்றிய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. சூடான கடலை ஒட்டிய நிலத்துக்குச் சூட்டோடு ஈரமும் சேர்ந்தே வருகிறது. வெப்பமானியில் ஒரு டிகிரி ஏறுவதால் கிடைக்கும் ஆதாயத்தை, ஈரம் காலையிலும் மாலையிலும் பாத்தி உழைக்கும் நேரத்தைக் கத்தரித்து எடுத்துக்கொள்கிறது. உப்பளத்தின் வரவுசெலவு வெப்பத்தைக்கொண்டு கணக்கிடத்தக்கதல்ல; உலர்ந்த காற்று எத்தனை மணி நேரம் வீசியது, மழை எந்த மாதத்தில் வந்தது என்ற இரண்டையும்கொண்டு கணக்கிடத்தக்கது.

மழையின் கணக்கு இன்னும் கொடியது. ஓர் ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 40,000 லிட்டருக்குச் சற்று அதிகம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 360 கிராம் உப்பைக் கரைக்கும். ஆக, அந்த 10 மில்லிமீட்டர் மழைக்கு ஏக்கருக்கு 14 டன் உப்பைக் கரைக்கும் வல்லமை உண்டு. அவ்வளவும் கரைந்துவிடும் என்றில்லை. மழையின் வேகமும் காற்றும் அதைத் தீர்மானிக்கும். நெல் வயலில் 10 மில்லிமீட்டர் மழையை யாரும் பொருட்படுத்துவதில்லை, மானாவாரிக் காட்டில் அதற்காக ஏங்குவார்கள். அளத்தில் அது ஒரு வாரத்துக் கூலியைக் கொண்டுபோகிற மழை. அதே மழை எங்கே விழுந்தது என்பதும் முக்கியம். 3 டிகிரித் தெப்பத்தில் விழுந்தால் இழப்பு சிறிது. 20 டிகிரி நீரில் விழுந்தால் பல நாள் உழைத்த வெயில் வீண். பாத்தியில் விழுந்தால் வாராத உப்பும் போகும், முற்றிய நீரும் போகும்.

இதை எதிர்கொள்ளும் கைவினை ஒன்றை உப்பளத்துக்காரர்கள் வழிவழியாக வைத்திருக்கிறார்கள். முற்றிய உப்புநீர் ஒரு லிட்டர் 1.2 கிலோ எடை. மழைநீர் அதைவிட இலகு. காற்று அடங்கியிருந்தால் மழைநீர் உப்புநீரோடு உடனே கலக்காமல் மேலே மிதந்து நிற்கும். கிழக்கே மேகம் கறுத்ததும் முற்றிய நீரை ஆழமான தெப்பத்துக்கு இறக்கிச் சேர்த்துவிடுவார்கள். ஆழத்தில் நின்றால் மழை படும் பரப்பு குறையும். மழை விட்டதும், காற்று எழுந்து கலக்குவதற்கு முன், வரப்பின் மேல்மட்டத்தில் ஒரு வாய் வெட்டி மேல்நீரை மட்டும் வடிய விடுவார்கள். நள்ளிரவானாலும் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு மணி நேரம் தாமதித்தால் காற்று வந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். மேல்நீர் வடிக்கத் தெரிந்த ஆள் இருக்கும் அளம் ஒரு மழைக்கு முழுவதும் தோற்பதில்லை. ஆனால் இந்த வித்தை சிறுமழைக்குப் பொருந்தும், எப்போதோ ஒருமுறை தப்பிப் பெய்யும் மழைக்குப் பொருந்தும். ஒரே பருவத்தில் நான்கு முறை, அதுவும் ஒவ்வொரு முறையும் பல சென்டிமீட்டர் என்று வந்தால் எந்த வரப்பை எவ்வளவு வெட்டியும் பயனில்லை.

அப்படி வருவதுதான் இப்போதைய சிக்கல். வடகிழக்குப் பருவம் டிசம்பரோடு முடிந்துவிடும் என்பது உப்பளத்தின் அடிப்படை நம்பிக்கை. 2021 ஜனவரியில் தென் மாவட்டங்களில் பெருமழை பெய்து தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. பாத்தி மிதித்துத் தரை இறுக்கும் வேலை நடக்க வேண்டிய மாதம் அது. அந்த ஆண்டு நவம்பரிலோ மழை தூத்துக்குடி நகரத்தையே நாட்கணக்கில் நீரில் நிறுத்தியது. முன்பக்கம் ஒரு மாதமும் பின்பக்கம் சில வாரங்களும் குறைந்தால் ஒன்பது மாதப் பருவம் ஏழாகிவிடும். குறைவது இரண்டு மாத உற்பத்தி மட்டுமல்ல. ஒவ்வொரு முறை நீர்த்துப்போகும்போதும் தெப்பங்கள் மறுபடி முற்ற வேண்டும். அந்தக் காத்திருப்பும் உற்பத்தியில்லாத காலம்தான். ஆண்டு மொத்த மழை கூடவில்லை, ஆகவே பாதிப்பில்லை என்று வாதிடுபவர்கள் இதைக் காண்பதில்லை. டிசம்பரில் 300 மில்லிமீட்டர் பெய்தால் அளத்துக்கு ஒன்றுமில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு ஏப்ரலில் பெய்தால் அளம் படுத்துவிடும்.

2023 டிசம்பர் வெள்ளம் இந்த வகைகளில் எதிலும் அடங்காது. டிசம்பர் 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மாவட்டம் ஓர் ஆண்டில் காணும் மழையைவிட அதிகமாக ஒரே நாளில் காயல்பட்டினத்தில் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது, குளங்கள் உடைந்தன, கோரம்பள்ளம் குளத்து வெள்ளம் தூத்துக்குடி நகரத்தைச் சூழ்ந்தது. மேலே உள்ள வயலும் வாழைத்தோப்பும் குளமும் தாண்டி அத்தனை நீரும் கடைசியில் வந்து சேரும் தாழ்நிலம் உப்பளம்தான்.

டிசம்பரில் பாத்தியில் உப்பு இராது, ஆகவே இழப்பு குறைவு என்று கருதத் தோன்றும். உண்மை நேர்மாறானது. மழைக்காலத்தில் உப்பு விலை ஏறும் என்பதால், பருவத்தில் வாரிய உப்பில் ஒரு பகுதியை அளத்திலேயே அம்பாரமாகக் குவித்து, பனையோலையோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டு மூடி வைத்திருப்பார்கள். சிறு உற்பத்தியாளர்களுக்கு அதுதான் வங்கி இருப்பு. ஜனவரியில் பாத்தி சீரமைக்கும் செலவும், ஆட்களுக்குக் கொடுக்கும் முன்பணமும் அந்தக் குவியலை விற்றுத்தான் வரும். மேலிருந்து பெய்யும் மழையை ஓலை தாங்கும். கீழிருந்து ஏறும் வெள்ளத்துக்கு ஓலை ஒன்றும் செய்யாது. அடி கரைந்ததும் குவியல் தானாகச் சரியும். முடிந்த பருவத்தின் உழைப்பும் அடுத்த பருவத்தின் முதலீடும் அந்த ஒரே வெள்ளத்தில் சேர்ந்து போயின.

தரைக்கு நேர்ந்தது அதைவிட ஆழமான சேதம். பாத்தியின் களிமண் பல ஆண்டுகளாக உப்பேறி, மிதிபட்டு, கல் போல் இறுகியது. உப்புநீர் மேலே நிற்கும்வரை களித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நல்ல தண்ணீர் நாட்கணக்கில் தேங்கினால் மண்ணிலுள்ள சோடியம் அந்தத் துகள்களைப் பிரித்துவிடும். தரை கூழாகும், நீர் பிடிக்காது. அதன் மேல் ஆறு கொண்டுவந்த செம்மண் வண்டல் வேறு. வண்டலை அள்ளாமல் நீர் ஏற்றினால் உப்பு பழுப்பாக இறங்கும்; அதற்கு மனிதர் உண்ணும் உப்பின் விலை கிடைக்காது. உடைந்த வரப்பு, மூழ்கிய மோட்டார், அறுந்த மின்கம்பி என்று எல்லாவற்றையும் சரிசெய்து 2024 பருவம் பல அளங்களில் தாமதமாகத்தான் தொடங்கியது.

வேதாரண்யம் இதே அனுபவத்தைக் கடல் பக்கமிருந்து பெற்றது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அதன் அருகே கரையைக் கடந்தபோது கடல் சேற்றைக் கொண்டுவந்து கரையோரத்தில் கொட்டியது. 1930-இல் ராஜாஜி உப்பெடுத்த அகஸ்தியம்பள்ளி வட்டாரத்து அளங்களும் அந்தப் புயலின் பாதையில் இருந்தவை. கடல்மட்ட உயர்வு மெதுவானது, கண்ணுக்குத் தெரியாதது. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் அதே 2020 மதிப்பீடு குறிக்கிறது. ஆனால் அளத்தின் நீர் ஏற்றமும் வடிகாலும் சில சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தை நம்பியே இயங்குகின்றன. கடல் உயர்ந்தால் மழைநீர் வடிய எடுக்கும் நேரம் கூடும், புயல் அலை இன்னும் உள்ளே வரும்.

நிலத்தைப் பொறுத்தவரை உப்பளத்தின் நிலை இரட்டைத்தன்மை உடையது, அதை மறைப்பதில் நன்மை இல்லை. நிலத்தடி உப்புநீரை இடைவிடாது இறைப்பதும், தெப்பங்களிலிருந்து கசிவதும் பக்கத்துக் கிணறுகளைக் கெடுக்கக்கூடும். மழை பொய்த்து ஆற்றில் நீர் வராத ஆண்டுகளில் உவர் இன்னும் உள்ளே ஏறுகிறது. அதனால் பயிர் கைவிட்ட நிலம் உப்பளமாக மாறுவதும் உண்டு. மறுபக்கம், வெள்ள நாளில் நீரை விரித்து வாங்கி மெல்லக் கடலுக்கு விடும் வெற்று நிலமும் இதுவே. பூநாரை முதலான நீர்ப்பறவைகளுக்கு ஆழமற்ற தெப்பங்கள் மேய்ச்சல் இடம். 1990-களில் இறால் பண்ணைகள் கரையோரத்தை விழுங்கியபோது, உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11-ஆம் தேதித் தீர்ப்பில் விளைநிலம், சதுப்பு நிலம், அலையாத்திக் காடு ஆகியவற்றோடு உப்பள நிலத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று பெயர் சொல்லித் தடுத்தது. தொழிற்சாலைக்கும் சாலைக்கும் மண்ணடித்து மேடாக்கும் வேகத்துக்கு அப்படியொரு தடை இல்லை. உப்பாற்று ஓடை போன்ற வடிகால்கள் குறுகக் குறுக, வெள்ளம் மிச்சமிருக்கும் அளங்களில் கூடுதல் நாள் தங்குகிறது. விளைச்சல் இழந்த அளத்துக்காரர் நிலத்தை விற்கிறார், விற்ற நிலம் மேடாகிறது, மேடான நிலம் அடுத்த அளத்தில் நீரைத் தேக்குகிறது. பருவநிலை மாற்றம் உப்பளத்தை அழிக்கும் வழிகளில் இதுவே மிகச் சத்தமில்லாததும் மீட்கவே முடியாததும் ஆகும்.

உப்பு என்றதும் சமையலறை நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய வாடிக்கையாளர் ரசாயனத் தொழில். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் உப்பு வேண்டும். சோப்பு, காகிதம், துணி, அலுமினியம் எல்லாம் அந்தச் சோடாவை நம்பியவை. அதோடு பிறக்கும் குளோரின் குடிநீர்ச் சுத்திகரிப்புக்கும் பி.வி.சி. குழாய்க்கும் போகிறது. ஆறுமுகநேரியை ஒட்டிய சாகுபுரத்தில் காஸ்டிக் சோடா ஆலை அமைந்ததற்கு உப்பளம் பக்கத்தில் இருந்தது முக்கியக் காரணம். தோல் பதனிடுவோருக்கும் கருவாடு போடுவோருக்கும் உப்பு வேண்டும். உள்ளூர் விளைச்சல் சரியும் ஆண்டில் குஜராத் உப்பு வந்து இறங்கும். பெரிய ஆலை அந்த விலையைத் தாங்கும். கருவாட்டுக் கொட்டகை வைத்திருக்கும் மீனவப் பெண்ணுக்கு அது கடினம். ஆலைகள் கால்சியமும் மக்னீசியமும் குறைந்த உப்பைக் கேட்கின்றன. அவசரமாக வாரிய உப்பில், மழைக்குப் பயந்து 30 டிகிரி தாண்டியும் மாற்றாத நீரில் இறங்கிய உப்பில் இவை கூடும். பருவம் நிலையற்றுப் போனால் அளவு மட்டுமல்ல, தரமும் தடுமாறும்.

வாருபலகை பிடித்து உப்பை இழுப்பவரும் அதைத் தலையில் சுமந்து வரப்பேற்றும் பெண்களும் அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே அளத்தில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். நெற்றியில் கட்டிய விளக்கொளியில் வேலை நடக்கும். உடல் குளிர்வது வியர்வை உலர்வதால், வியர்வையும் உப்புநீர்தான். பாத்தியை உலரவிடாத அதே ஈரக்காற்று தொழிலாளியின் வியர்வையையும் உலரவிடுவதில்லை. விளைச்சல் மோசமான நாளே உடலுக்கும் மோசமான நாளாக அமைவது இதனால்தான். நிழலில்லாத வெளி, வெள்ளைத் தரையிலிருந்து கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பெண்கள் என்று சேரும்போது சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. தமிழக உப்பளத் தொழிலாளர்களிடையே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு வெப்பச் சுமைக்கும் சிறுநீரகச் செயல்பாட்டுக் குறைவுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டியிருக்கிறது. உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதிய காலத்திலேயே இந்த வேலை கொடியதுதான். இப்போது இரவும் குளிராததால், இடைவேளையில் உடல் மீளும் வாய்ப்பும் சுருங்குகிறது. நிழற்கொட்டகை, கழிப்பறை, குளிர்ந்த குடிநீர் ஆகிய மூன்றும் எந்த ஆராய்ச்சியும் தேவைப்படாத, நாளையே செய்யக்கூடிய காரியங்கள்.

தொழில்நுட்ப மாற்று வழிகள் உண்டு. வியட்நாமில் பாத்தியின் தரையில் தார்ப்பாய் விரித்து அதன் மேல் உப்பு விளைவிக்கிறார்கள். மழைக்குப் பின் தரை கூழாவதில்லை, உப்பில் மண்ணும் சேர்வதில்லை. சீனாவின் வடகரை அளங்களில் மழை வரும்போது பாத்தியைப் பிளாஸ்டிக் படலத்தால் மூடும் முறை நடைமுறையில் உள்ளது. தூத்துக்குடியின் பலத்த மேல்காற்றில் மூடுபடலம் நிற்குமா என்பது ஐயம். தரை விரிப்பு சிறு அளங்களுக்குப் பொருந்தும், ஆனால் கிழிந்த பிளாஸ்டிக் கடலுக்குப் போகாமல் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் மலிவானது முற்றிய நீரைச் சேமிக்கும் ஆழத் தெப்பம். ஆழத்தில் காத்த 24 டிகிரி நீர் இருந்தால், மழைக்குப் பின் இரண்டு மாதம் காத்திருக்காமல் சில நாட்களில் பாத்தி மறுபடி இயங்கும். அம்பாரத்துக்கு வெள்ள மட்டத்துக்கு மேல் எழுப்பிய பொதுத் தளம் ஒன்று ஊருக்கு ஒன்றாவது வேண்டும். சிறு உற்பத்தியாளர் தனியாக இவற்றைக் கட்ட முடியாது; ஆழத் தெப்பத்துக்கு நிலம் விட்டால் அவர் பாத்தி சுருங்கும்.

காப்பீடு இன்னும் திறக்கப்படாத கதவு. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நெல்லுக்கும் பருத்திக்கும் உண்டு. உப்புக்கு இல்லை, ஏனெனில் சட்டத்தின் பார்வையில் உப்பு பயிரல்ல, தொழில் உற்பத்தி. மழையால் கெடுகிற, வெயிலாலும் காற்றாலும் விளைகிற ஒன்றுக்கு இந்தப் பாகுபாடு பொருந்தாது. உண்மையில் உப்பைவிட எளிதாகக் காப்பீடு செய்யத்தக்க பொருள் வேறில்லை. பயிரில் பூச்சியா நோயா மழையா எது கெடுத்தது என்று வயல்தோறும் அறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். அளத்தில் மழையின் அளவும் அது விழுந்த மாதமுமே இழப்பைச் சொல்லிவிடும். வானிலைத் துறையின் மழைமானியை ஆதாரமாக வைத்து, மார்ச் முதல் செப்டம்பர் வரை இத்தனை மில்லிமீட்டருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடலாம். ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அளங்களுக்கு அருகே மழைமானிகளைக் கூட்டினால் போதும், ஏனெனில் கோடை மழை முள்ளக்காட்டில் பெய்து தருவைக்குளத்தில் பெய்யாமல் போகும் இயல்புடையது.

அந்த அட்டவணையில் கூலிக்கும் ஒரு பத்தி இருக்க வேண்டும். வேலையில்லாத மழைக்காலத்துக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்து வழங்கிவருகிறது. அது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களை மனதில்வைத்து வகுத்தது. அந்த மாதங்களில் வேலை இராது என்பது எல்லோரும் அறிந்தது, குடும்பங்களும் அதற்கேற்பத் திட்டமிட்டிருக்கும். ஏப்ரலில் ஒரு மழை பெய்து பாத்தி முற்ற மூன்று வாரம் ஆகும்போது போகும் கூலிக்கு எந்தத் திட்டத்திலும் இடமில்லை. தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்த ஒவ்வொருவருக்கும், அதே மழைமானி காட்டும் அளவைக்கொண்டு, பருவத்துக்குள் இழந்த நாட்களுக்கான கூலி நேரே வங்கிக் கணக்கில் சேர வேண்டும். பதிவில்லாமல் நாட்கூலிக்கு வரும் பெண்களை முதலில் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும்.